ஐந்நூறு கிராம் பொத்தான்

கூரியர்காரர் பெட்டியைக் குலுக்கிப் பார்த்தார்.
"உள்ள என்னமோ உருளுதுங்."
எதுவும் உருளக்கூடாது அதில்.
கையெழுத்துப் போட்டு வாங்கினேன்.

ராத்திரி ஒன்பது. ஷிப்மென்ட் லாரி கிளம்பியாயிற்று.
நாற்பது மிஷினும் துணி போர்த்திக் கிடக்கின்றன.
செக்கிங் டேபிள் மேலே மட்டும்
விட்டுப்போன ஒரு தையலைக்கூட மன்னிக்காத வெளிச்சம்.
வெள்ளைப் பனியன் துணி விரித்து
துப்பாக்கியைப் படுக்க வைத்தேன்.

சீட்டு எடுத்து வாங்கியது. இரண்டாம் கை.
பிடியில் முன்னவருடைய கட்டைவிரல் குழி,
மரத்தூளும் பசையும் வைத்து என் அளவுக்கு அடைத்திருக்கிறேன்.
காற்று உருளையைக் கழற்றினேன்.
குழலில் குண்டில்லை என்று ஒருமுறை,
இல்லைதானே என்று மறுமுறை.

விசை இரண்டு கட்டம்.
முதலாவது முடிந்ததும்
சுவரில் முட்டினாற்போல் நிற்க வேண்டும்.
போன மாசம் கோயமுத்தூரில்
மணலை மிதித்ததுபோல் நறநறத்துப் போய்
எனக்கே சொல்லாமல் விட்டது.
ஒன்பது, ஒன்பது, ஏழு.
அந்த ஏழோடுதான் திருப்பூர் பஸ்ஸில் உட்கார்ந்து வந்தேன்.

இரண்டு திருகு, ஒரு முளை.
பழசு கழன்று உள்ளங்கைக்கு வந்தது.
ஓரம் தேய்ந்து பளபளப்பாக.
இந்தக் கால் மில்லிமீட்டரையா
இத்தனை நாள் என் மணிக்கட்டு என்று திட்டினேன்?

புதுசை உட்கார வைக்கையில்
ஸ்பிரிங் ஒன்று தெறித்தது.
சத்தம்கூட இல்லை.

எங்கள் கம்பெனியில் ஊசி முறிந்தால்
எல்லாத் துண்டும் கிடைத்தாக வேண்டும்.
டேப்பால் ரிஜிஸ்டரில் ஒட்டி,
மிஷின் நம்பர், நேரம், கையெழுத்து.
எங்கோ ஒரு பச்சைக் குழந்தை போடப்போகிற சட்டை அது.
அந்த ரிஜிஸ்டரை எழுதுகிறவள் நான்.
நுனித் துண்டு ஒன்றுக்காக
பழனாத்தாளை அழ வைத்தவளும் நான்தான்.
"எங்க விழுந்துச்சுன்னு சத்தியமாத் தெரீலீங்க."
அரை நாள் கூலி பிடித்தோம்.

இப்போது நான் முழங்காலில்,
அதே காந்தத்தைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு.
ஒரு ஊக்கு. ஒரு ஸ்டேப்ளர் கம்பி.
பதினேழாம் மிஷின் கால் இடுக்கிலிருந்து
பஞ்சு சுற்றிய ஒரு நுனி.

வாட்ச்மேன் ஆறுக்குட்டி எட்டிப் பார்த்தார்.
"என்னுங் அம்மிணி, என்னத்தத் தேடறீங்?"
"ஸ்பிரிங்குங்."
"வெசையாத் தேடுங். பத்து மணிக்குக் கரண்ட்டப் புடுங்கிருவான்."

எங்கள் பக்கம் விசை என்றால் வேகம்.
வெசையா வா. வெசையாத் தின்னு. வெசையாத் தை.
இந்த ஒரு விசைக்கு மட்டும்
அது ஆகாது.

ஸ்பிரிங் என் துப்பட்டாவிலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

போட்டிக்கு ஐந்நூறு கிராம்.
குறைந்தால் பரிசோதனை மேசையோடு திருப்பி அனுப்புவார்கள்.
எடைக்கல் இல்லை;
துணி நிறுக்கும் தராசு இருந்தது, பொத்தான் இருந்தது.
பையில் கொட்டிக் கொட்டி
ஐந்நூறு காட்டியதும் நிறுத்தி,
நூலால் விசையில் மாட்டி, குழல் மேலே பார்க்க,
துப்பாக்கியை மெல்ல உயர்த்தினேன்.

டிக்.

திருகை ஒரு முடியளவு இறுக்கினேன்.
டிக்.
இன்னொரு முடி.
பை தரையை விட்டு எழும்பியது.
தொங்கியது. விசை விடவில்லை.
உள்ளே பொத்தான்கள் சலசலத்து அடங்கின.
இன்னும் இருபது பொத்தான் போட்டதும் விட்டது,
காய்ந்த சுள்ளி ஒடிகிற மாதிரி.

தையல் சாக்கட்டியால் சுவரில் ஒரு புள்ளி.
கை நீட்டி, மூச்சைப் பாதியில் வைத்து,
முதல் கட்டம்.
சுவர்.
நின்றது. எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்கும் போலிருந்தது.

பிறகு ரிஜிஸ்டரைத் திறந்தேன்.
ஜூலை இருபத்திரண்டு, மிஷின் பதினேழு,
'நுனி கிடைக்கவில்லை'. என் எழுத்து.
பஞ்சைப் பிரித்து
டேப்புக்குள் இருந்த பாதியோடு ஒட்டிப் பார்த்தேன்.
இடைவெளி தெரியவில்லை.

நேரம் எழுதினேன்: ஒன்பது ஐம்பத்தொன்பது.
கையெழுத்துப் போடுவதற்குள்
கரண்ட் போயிற்று.