உரியவர் நேரில் வரவும்

கஸ்தூரியார் வீதிக் கிளையில்
அடைவுப் பிரிவு, மூன்றாம் யன்னல் என்னுடையது.
பதினாறு வருசமாய்
ஆரோ பெண்களின் தாலிக்கொடிகளை
உரைத்து, நிறுத்து,
உறையில் போட்டு நூல் கட்டி வைக்கிறேன்.

போன மாசியில்
பெரியாஸ்பத்திரிக் கிளினிக்கில் என்னை நிறுத்தார்கள்.
எண்பத்தொன்றரை.
செருப்பைக் கழற்றினேன்.
குடையையும் கைப்பையையும் வாங்கில் வைத்துவிட்டு
மறுபடி ஏறினேன்.
எண்பத்தொன்று.

கிளினிக்குக்கு முதல் இரண்டு நாள்
வல்லாரையும் மோரும் மட்டும்.
வரிசையில் இருந்த முக்கால்வாசிப் பேரும் அப்படித்தான்.
காலைச் சீனி அழகாய் இறங்கியிருந்தது.
டொக்டர் பிள்ளை இன்னொரு தாளைத் திருப்பினாள்.
"அன்ரி, இது மூன்று மாசக் கணக்கு.
உங்கட இரண்டு நாள் விரதம் இதுக்குத் தெரியாது."

செம்புக்கு மேல் தங்கம் பூசிக்கொண்டு வருவார்கள்.
கல்லில் ஒரு இழுப்பு, போதும்.
எத்தனை பேரைத் திருப்பியிருக்கிறேன்,
முகத்தைப் பார்க்காமல்.

கொட்டடிக்கு, நடக்கிற தூரத்துக்கு,
ஓட்டோ பிடித்தேன்.
உள்ளே இருந்து காரணங்களை எண்ணினேன்:
அம்மாவுக்கும் இருந்தது.
சித்தப்பாவுக்குக் கால் எடுத்தது.
தொண்ணூற்றைந்தில் இடம்பெயர்ந்து
கஞ்சிக்கு நின்ற உடம்பு,
கண்டதை இன்றைக்கும் விடாது.
கந்தோரில் பத்தரைக்கு ரோல்ஸ் வரும்,
நாளும் ஒருவருக்குப் பிறந்தநாள்.

ஒன்றும் பொய்யில்லை.
என் யன்னலுக்கு வருகிறவர்களும்
பொய் சொல்வதில்லை.
மழைக்கு வெங்காயம் அழுகிப்போச்சு,
மகன் இன்னும் காசு போடேல்லை.
கேட்டுத் தலையாட்டுவேன்.
வட்டி மட்டும்
கேட்டுக்கொண்டு நிற்பதில்லை.

இரவு இவர் கிளினிக் கொப்பியைப் பார்த்தார்.
கண் கலங்கினார், நல்ல மனுசன்.
"ரஞ்சினி, உமக்காக இந்த முறை
நல்லூரில பிரதட்டை செய்யிறன்."
"நீர் உருண்டால்
குறையிறது உம்முடைய வண்டிதான்" என்றேன்.
சிரித்தோம். பிறகு சிரிப்பு நின்றது.
மனைவியின் நகையை மீட்க வந்து
"நான்தானே புருசன், கையெழுத்து வைக்கட்டோ?"
என்று கேட்பவர்களுக்கு
நாளுக்கு நாலு தரம் நான் சொல்லும் வசனம்
அடுப்படியில் எனக்கே கேட்டது.
உரியவர் நேரில் வரவேணும்.

குருநகர் அன்ரனீற்றா என்று ஒருத்தி.
இரண்டு பவுண் சங்கிலி.
கிழமைக்கு ஐந்நூறு, சில கிழமை இருநூறு,
மீன் மணக்கிற தாள்கள்.
"ஒரேயடியாய்க் கட்டி மீட்கலாமே" என்று
ஒருநாள் கேட்டேன்.
"அப்பிடிக் கட்ட ஏலுமெண்டால்
இஞ்ச ஏன் மிஸ் வைக்கிறன்?"

விடிய ஐந்தரை. பண்ணைப் பாலம்.
முதல்நாள் மூன்றாவது விளக்குக் கம்பம் வரை.
முழங்கால் திட்டியது, நாய் ஒன்று குரைத்தது,
திரும்பி வந்து படுத்துவிட்டேன்.
அடுத்தநாள் நாலாவது கம்பம்.
குரக்கன் புட்டு தொண்டையில் நின்றது,
மீன்குழம்பு விட்டு இறக்கினேன்.
வியாழக்கிழமை நிரூபனின் பிறந்தநாள்.
ரோல்ஸ் இரண்டு.
அதையும் கொப்பியில் எழுதினேன், திகதி போட்டு.
தவணை தவறினால்
பதிவு வேண்டும், அதுதான் முறை.

வைகாசி கிளினிக்குக்கு
பட்டினி கிடக்காமல், இருந்தபடியே போனேன்.
எழுபத்தொன்பது.
மூன்று மாசக் கணக்கு கொஞ்சம்தான் இறங்கியிருந்தது.
கொஞ்சம்.
ஆனாலும் உரைத்தால் நிறம் மாறாது.

நேற்று பாலத்தடியில்
கூடை நிறையத் திரளியோடு அன்ரனீற்றா.
"மிஸ்! இந்த நேரத்தில இஞ்ச?"
"தவணை கட்ட வந்தனான்" என்றேன்.
அவளுக்கு விளங்கவில்லை.
மேலும் கீழுமாய் என்னைப் பார்த்தாள்,
யன்னலுக்குப் பின்னால் இருந்து
நான் அவள் சங்கிலியைப் பார்த்தது போல.
பிறகு கூடையைத் தூக்கிக்கொண்டு
எனக்கு முன்னால்
விறுவிறென்று நடந்தாள்.