நாற்பத்து மூன்றாம் அளவு

இஸ்தான்புல் தொடர்களில்
ஒருத்தி படியிறங்கும் சத்தம் கேட்டால்
அது பெரும்பாலும் நான்தான்.

என் குதிகால் செருப்பு
நாற்பத்து மூன்றாம் அளவு.
தைத்துக் கொடுத்த காயிட்ஹானே கடைக்காரர்
யாருக்கு என்று ஒருமுறைதான் கேட்டார்.
பணக்கார வீட்டு மருமகளுக்கு என்றேன்.
என் மீசையைப் பார்த்தார்.
பசையைக் கொஞ்சம் கூடுதலாகவே தடவினார்.

வசனமெல்லாம் ஏறிவிட்டிருக்கும்,
கால்கள் மட்டும் ஊமையாக வந்துசேரும் என்னிடம்.
ஒரு சதுரம் மார்பிள், ஒரு மரப்பலகை,
ஒரு தட்டு சரளைக்கல்.
இவற்றின்மேல்தான் ஒன்பது வருடமாக
பெண்களாய் நடந்துகொண்டிருக்கிறேன்.

பெட்டியில் நான்கே ஜோடி.
ஊசிக் குதிகால், குடிகெடுக்க வருகிறவள்.
தட்டைச் செருப்பு, அழப்போகிறவள்.
கட்டைக் குதிகால், மாமியார்.
கம்பளிக் காலணி, நாற்பதைத் தாண்டியவள்;
அடுப்படியிலிருந்து வாசல்வரை
அவளுக்கு எட்டே எட்டு.
பைத்தியமாகிவிட்டால் என் வெறுங்கால்.
அதற்குத் தனிக்கூலி இல்லை.

நூற்றுப் பதினேழாம் பாகம்.
தாழ்வாரக் காட்சி.
நடிகை பேசி முடித்துவிட்டாள்.
கட் சொல்ல மறந்தார்களோ,
சொன்னது அவள் காதில் விழவில்லையோ,
பேசாமல் நடந்தாள் கோடிவரை.
யாரும் அவளைத் துரத்தவில்லை.
அவளும் யாரையும்.
போகிறபோக்கில் தொட்டியிலிருந்து
ஒரு இலையைக் கிள்ளினாள்,
முகர்ந்தாள், கீழே போட்டாள்.
பதினோரு விநாடி.
வெட்டுகிறவன் தூக்கக் கலக்கத்தில்
விட்டுவைத்திருக்கிறான்.

ஊசிக் குதிகாலில் நடந்து பார்த்தேன்,
இலையில் விஷம் ஏறிற்று.
தட்டைச் செருப்பில் நடந்தேன்,
ஜன்னலில் குதிக்கப்போகிறாள் என்றிருந்தது.
கம்பளிக் காலணியில்
அந்த இலை சூப்புக்கு.
மாமியாரை எடுக்கவேயில்லை.

கண்ணாடிக்கு அந்தப்பக்கம் குல்சும்
ஹெட்ஃபோனைக் கழற்றினாள்.
ஒன்பது வருடமாக என் காலைப் பதிகிறவள்.
உள்ளே வந்து, நகரு ஷுக்ரு என்றாள்.
மழைச்சேறு காயாத பூட்ஸ்,
இடது குதி வெளிப்புறம் தேய்ந்தது.

அவள் நாற்காலியில் நான் உட்கார்ந்தேன்.
எந்தப் பொத்தான் என்றுகூடக் கேட்கவேண்டியிருந்தது.

ஒரு எட்டு கனம்.
ஒரு எட்டு பாதி.
நடுவில் எதற்கோ ஒரு நிதானம்.
கோட்டுப்பைக்குள் சாவிகள் லேசாக.
மறுபடி கனம்.
இப்படி ஒருத்தி நடந்து
நான் கேட்டதில்லை,
அதாவது காசு வாங்கிக்கொண்டு கேட்டதில்லை.
வீட்டில் நெவின் எப்படி நடப்பாள் என்று
யோசித்துப் பார்த்தேன்.
வந்து நிற்பது தெரியும் எனக்கு,
நடந்துவருவது தெரியவில்லை.

படம் முடிந்து திரை கறுத்தது.
குல்சும் நிற்கவில்லை.
அந்த ஒரு சதுர மார்பிளுக்குள்
சுற்றிச் சுற்றி
காலாற நடந்துகொண்டிருந்தாள்.

என்ன நினைத்துக்கொண்டு நடந்தாய் என்றேன்.
ஒன்றுமில்லை, மீன் வாங்கணும் என்றாள்.

செவ்வாய்க்கிழமை ஒளிபரப்பில்
அந்தப் பதினோரு விநாடி இல்லை.
அங்கே சலவைத்தூள் விளம்பரம்.
துணிக்கூடையை இடுக்கிக்கொண்டு
ஒருத்தி சிரித்தபடி ஓடிவருகிறாள்.
அந்தக் காலும் என்னுடையதுதான்.

ஒலிக்கோப்பை அழிக்கவில்லை.
நாலு நிமிடம் சொச்சம் ஓடுகிறது.
சேமிக்கும்போது கணினி பெயர் கேட்டது.
கெட்டவள், அழுகிறவள், மாமியார், அம்மா
எல்லா அறையும் நிரம்பித்தான் இருந்தது.
மீன் என்று தட்டினேன்.

நாளைக்குக் கெட்டவள் மாடியேறுகிறாள்,
இருபத்திரண்டு படி, கையில் துப்பாக்கி.
வாரை இறுக்கிப் பார்க்கிறேன்.
சுண்டுவிரலில்
அதே பழைய கொப்புளம்.