கறுப்புக் கோடு

கப்பல் பிளந்த ஒன்பதாம் நாள்.
ஷெட்லாந்தின் மேற்குக் கரை.
கம்பித் தூரிகையோடு மண்டியிட்டிருக்கிறாள் ஓஸ்லா.
அலை தொட்டுத் திரும்பும் கோட்டுக்கு மேலே
பாறையெங்கும் கறுப்பு.
வெந்நீர், சோப்பு, திரும்ப வெந்நீர்.
காலையிலிருந்து ஒரு முழம் வெளுத்திருக்கிறது.

நண்டுக்கூடை தேடி வந்த மேக்னி
ஈர விரலால் தேய்க்கிறான், முகர்கிறான்.
"இது எண்ணெய் இல்லை. கல்பாசி.
கப்பலுக்கெல்லாம் மூத்தது."

உரிக்க ஓர் ஓரமில்லை அதற்கு.
உப்புக்காற்றைக் குடித்துக் குடித்துக்
கல்லின் தோலாகவே ஆகிவிட்ட உயிர்.
ஒரு முழம் வளர எத்தனை ஆண்டு?
மேக்னிக்குத் தெரியாது.
வானம் பார்க்கிறான்.

பக்கத்துப் பாறையில்
நிஜ எண்ணெய் மினுங்கிக்கொண்டிருக்கிறது.

கையுறையைக் கழற்றி
மாலைப் படிவத்தை எடுக்கிறாள்.
'சுத்தம் செய்த பரப்பு' என்றொரு கட்டம்.
பேனா முனை அதன்மேல் நிற்கிறது,
ஒரு கறுப்புப் புள்ளி
ஊறிப் பரவ.