இன்னும் தெரியுது

கெமியில் ஆகஸ்ட் பாதி தாண்டினால்
நாளுக்கு ஆறு நிமிடம் பறிபோகும்.
காலையில் கொஞ்சம், மாலையில் கொஞ்சம்.
ஒரு முட்டை வேக, ஒரு பஸ்ஸைத் தவறவிட,
ஒரு சண்டையைத் தொடங்கி முடிக்கப் போதுமான ஆறு நிமிடம்.
அஸ்தமன அட்டவணையை
ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவைத்திருக்கிறேன்,
கடன்காரன் கொடுத்த சீட்டு போல.

எங்கள் முற்றத்தைச் சுற்றிப் பன்னிரண்டு வீடுகள்.
யாரும் பேசிவைத்ததில்லை.
ஆனாலும் எல்லோருக்கும் தெரியும்,
சமையலறை விளக்கை முதலில் போடுபவர்தான்
கோடையைக் காட்டிக்கொடுத்தவர் என்று.

ஜூனில் இதே ஆட்கள்தான்
தூக்கமில்லை தூக்கமில்லை என்று
ஜன்னலில் போர்வையை ஆணியடித்தார்கள்.
நள்ளிரவு வெயிலில் புல்வெட்டிய ரெய்யோவையும்
அந்த வெயிலையும் சேர்த்துத் திட்டினார்கள்.

இப்போது செப்டம்பர். இரவு எட்டு மணி.
என் கணவன் தாய்ஸ்தோ
இருட்டில் பைக் மீன் தின்கிறான்.
முள்ளை நாக்கால் துழாவி எடுத்து
தட்டின் ஓரம் வைக்கிறான்,
தட்டு என்று நினைத்து.
விளக்கு என்று வாயைத் திறந்தாலே
"இன்னும் தெரியுது."
நேற்று காப்பியில் உப்பு.
ஒன்றும் சொல்லாமல் குடித்து முடித்தான்.
முகம் சுளித்தானா? அதுவும் தெரியவில்லை.

எதிர்வீட்டில் ரெய்யோ
டிவியின் நீலத்தில் உருளைக்கிழங்கு உரிக்கிறான்.
அது கணக்கில் சேராதாம்.

எனக்கு நவம்பரிடம் பயமில்லை.
அப்போது எல்லாம் முடிந்திருக்கும்.
பனி விழுந்தால் தரையே கொஞ்சம் வெளிச்சம் தரும்.
இந்த நழுவல்தான்.
இன்னொரு படி இருக்குமென்று கால் வைத்து
வெறும் தரையில் இடறுவோமே,
அப்படி ஒவ்வொரு மாலையும்.

வழக்கமாக முதலில் தோற்பவள்
ஒன்பதாம் எண் அவுலிக்கி.
துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவள்,
கண் மங்கி வேலையை விட்டவள்.
ஆகஸ்ட் பதினைந்துக்கே போட்டுவிடுவாள்.
சிரிப்போம். உள்ளுக்குள் நன்றி சொல்வோம்.
"அவளே போட்டுட்டாளே" என்ற சாக்கில்
ஒரு மணி நேரத்துக்குள்
பன்னிரண்டு ஜன்னலும் மஞ்சளாகிவிடும்.

இந்த வருடம் போடவில்லை.
ஆகஸ்ட் போயிற்று.
பிர்ச் இலை பழுத்துக் கொட்டியது.
தாய்ஸ்தோவுக்கு அவள்மேல் மரியாதையே வந்துவிட்டது.
"வைராக்கியத்தப் பாரு."

இருபதாம் தேதி
ஒரு வாளி லிங்கன்பெர்ரியோடு போனேன்.
கதவு திறந்தது. உள்ளே கும்மிருட்டு.
வாளியை வாங்கி
நாலடி நடந்து மேசைமேல் வைத்தாள்.
கோப்பையின் விளிம்பில் விரல்நுனியை வைத்துக்கொண்டு
காப்பி ஊற்றினாள்.
ஒரு துளி சிந்தவில்லை.
நான்தான் நாற்காலியில் மோதினேன்.

அந்தச் சத்தத்துக்கு
அவள் கை நின்றது.
"விளக்கு வைக்கிற நேரம் ஆயிடுச்சா?"

"இப்பதான்," என்றேன்.

"போட்டுக்கோ. சுவிட்ச் தெரியுமில்ல?"

சுவரைத் தடவித் தடவிப் போட்டேன்.
எனக்குக் கண் கூசியது.
அவள் இமை அசையவில்லை.
வாளியில் கைவிட்டு
ஒரு பழத்தை எடுத்து வாயில் போட்டு,
"இன்னொரு வாரம் விட்டிருக்கலாம்," என்றாள்.

பழத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம்.

திரும்பி முற்றத்தைக் கடக்கும்போது
முதலில் ரெய்யோ. பிறகு நாலாம் எண்.
பிறகு மாடியில் இரண்டு சேர்ந்தாற்போல.
ஒருவர் பெருமூச்சு விட
அடுத்தவரும் விடுவது போல
ஜன்னல் ஜன்னலாக.

எங்கள் வீட்டில் தாய்ஸ்தோ
சுவிட்சின்மேல் விரலோடு தயாராக நின்றான்.
"பாத்தியா, தோத்துட்டா!"
வெளிச்சத்தில் அவன் முகம் முழுக்க வெற்றி.
தாடியில் ஒரு மீன்முள்.
எடுத்துவிட்டேன்.
வேறொன்றும் சொல்லவில்லை.

பிறகு ஃபிரிட்ஜ் முன் நின்று
நாளைய வரியைப் பார்த்தேன்.
நாலு நிமிடம் முன்னதாகப் போகவேண்டும்,
ஒன்பதாம் எண்ணுக்கு.