பதினான்கு விநாடி

சத்துவாச்சாரி சர்வீஸ் ரோட்டுக் கடைக்கு,
கரண்ட் போய் வந்த ஒரு மே மாத மாலையில்
தனகோட்டி வந்தார்.
ராணிப்பேட்டை ஷூ கம்பெனி, பேஸ்டிங் பிரிவு.
விரல் நுனியில் பசை காய்ந்து தோல்மேல் தோல்.

மெமரி கார்டு ஒரு தீப்பெட்டிக்குள் இருந்தது.
பதினான்கு விநாடி.
அகலம் நூற்று எழுபத்தாறு புள்ளி,
உயரம் நூற்று நாற்பத்து நாலு.
"பொண்ணு கல்யாணம். மண்டபத்துல
பன்னண்டடி எல்.இ.டி. வெக்கிறாங்க.
கட்டம் கட்டமா தெரியக்கூடாதும்மா."

ஒரு ஆழாக்கு மாவில்
ஊருக்கே தோசை கேட்கிறீர்கள் என்றேன்.
மென்பொருள் வார்த்துவிடும்.
மீதி மாவு எங்கிருந்து வந்தது என்று மட்டும்
கேட்கக் கூடாது.
அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

இருநூற்றுப் பத்து ஃப்ரேம்.
கிராபிக்ஸ் கார்டின் விசிறி
வேலூர் வெக்கையை உள்ளே இழுத்து
என் முழங்காலில் துப்பியது.
கட்டங்கள் கரைந்தன.
சேலைக்கு நூல் வந்தது.
காதுக்கு ஓட்டை வந்து, ஓட்டைக்குக் கம்மல் வந்தது.
பாலத்துக் கைப்பிடிக்குத் துரு.

காலையில் உட்காரவைத்துக் காட்டினேன்.
நவநீதம் திரும்புகிறார்,
வேணாம் வேணாம் என்று கை ஆட்டுகிறார்,
சிரிக்கிறார்.
பற்கள் பரேடு நிற்கின்றன.

மூலத்தை நிறுத்திப் பார்த்தேன்.
இடது பக்கம் ஒரே ஒரு புள்ளி,
மற்றதைவிடக் கொஞ்சம் கருப்பு.
தெத்துப்பல்லின் நிழல்.
அழுக்கு என்று துடைத்துவிட்டிருக்கிறது.

"தப்பு நடந்துபோச்சுங்க.
ஒவ்வொரு ஃப்ரேமா கையால திருத்தித் தர்றேன்,
ரெண்டு நாள் ஆகும்."

கண்ணாடியைக் கழற்றிவிட்டுத்
திரைக்குப் பக்கத்தில் போனார்.
"கம்பி போடணும்னு சொல்லிக்கினே இருந்தா.
ஒரு தபா பல்லு ஆஸ்பத்திரியில சீட்டு கூட போட்டா.
அப்புறம் ஸ்கூல் பீஸு வந்துடுச்சு."

மறுபடி ஓட்டச் சொன்னார்.
மறுபடி.
நாலாவது தடவைதான்
அவர் கண் முகத்தை விட்டுப் பின்னால் போனது.
"இது இன்னாது?"

பாலத்துக்குக் கீழே பாலாறு.
அந்த வருஷம் கரை தொட்டு ஓடியதாம்.
அதைப் பார்க்கத்தான் போனார்களாம்,
ஊரே போனதாம், பஜ்ஜிக் கடைகூடப் போட்டார்களாம்.
செங்கலங்கலில் ஓடிய நுரைக்கோடுகளை
மென்பொருள் மணல் என்று முடிவு செய்து
மணலில் லாரித்தடமும் போட்டிருந்தது,
டயர் பட்டை வரைக்கும் துல்லியமாக.

எழுந்தார்.
தீப்பெட்டியைச் சட்டைப்பையில் வைத்தார்.

"பல்லு இருக்கட்டும்மா.
ஆத்துல மட்டும் தண்ணி உட்டுடு."