பங்குக் கிணறு, வசாவிளான்

உறுதியில் எழுதியிருந்தது:
"கிணற்றிற் பங்கும் வழிவாய்க்காலும்."
எல்லைகளாய்ச் சொல்லியிருந்த
பூவரசு, கள்ளி, கந்தப்பர் வளவு
ஒன்றும் நிற்கவில்லை.
இருபத்தெட்டு வருசம் ஆமி இருந்த மண்.
கதியால் எது, காட்டுமரம் எது,
யாருக்குத் தெரியும்?

கிணறு மட்டும் கிடந்தது.
கட்டு உடைந்து, உள்ளே தகரமும் கம்பியும் நிறைந்து,
ஆனாலும் வட்டம் வட்டமாகவே.
அதன் நடுவால்தான் எல்லை போனது;
அதில் இரண்டு வீட்டாருக்கும் சண்டை இல்லை.

நேர்கோடு கீற இரண்டு புள்ளி வேண்டும்.
என்னிடம் ஒன்று.
ஒரு புள்ளியினூடாக எத்தனை கோடும் போகலாம்:
படிக்கிற காலத்தில் நம்பினேன், அன்றைக்குத்தான் பார்த்தேன்.
ஸ்ரெலாவின் மருமகன் கை நீட்டியது ஒரு திசை.
குலநாயகியின் தம்பி, கனடாவிலிருந்து, வீடியோவில்,
காட்டியது வேறொன்று.
கிராம அலுவலர் தன் பங்குக்கு
நாடியால் ஒன்று.

பழைய நில அளவைப் படத்தில்
கறையான் விட்டுவைத்த மூலையில் இருந்தது படித்திறன்:
கிழக்கே நாலு போனால் வடக்கே மூன்று.
போதும்.

றோட்டு மதகை ஆதியாய் வைத்தேன்.
கிணற்று நடு, கிழக்கே பன்னிரண்டு மீற்றர், வடக்கே இருபது.
ஸ்கூட்டிச் சீற்றில் கொப்பியை விரித்து எழுதினேன்

y − 20 = ¾ (x − 12)

இருபதும் பன்னிரண்டும் கிணற்றின் பெயர்.
x, y இன்னும் பெயர் வைக்காதவை.
கோட்டில் எங்கே நின்றாலும் அங்கிருந்து
கிணற்றைப் பார்த்துக் கேட்கின்றன:
ஏற்றம் எவ்வளவு, ஓட்டம் எவ்வளவு?
விடை எப்போதும் முக்கால்.
கிணற்றுக்குள்ளேயே நின்று கேட்டால் மட்டும்
பூச்சியத்தின் கீழ் பூச்சியம்.
அதற்குப் பதில் இல்லை.

முக்கால் பன்னிரண்டு ஒன்பது.
இருபதில் ஒன்பது போக
மதகிலிருந்து பதினொன்றில் கோடு றோட்டைத் தொடும்.
சுண்ணாம்பு போட்டேன். ஒருவரும் பேசவில்லை.

பிறகு ஸ்ரெலா கேட்டாள்,
"என்ர குசினி?"
வீட்டுத்திட்டத்தில் போன வருசம் கட்டியது,
இன்னும் பூசவில்லை.
x இருபது என்று போட்டால் y இருபத்தாறு.
குசினி மூலை நின்றது இருபத்தாறரையில்.

திருப்பியும் பார்த்தேன். முக்கால் இருபது பதினைந்து,
பதினைந்தும் பதினொன்றும்.
மாறாது என்று தெரிந்துகொண்டே
இன்னொரு தரம்.

குலநாயகி அந்த மூலைவரை நடந்து போனாள்.
பூசாத கல்லில் கையை வைத்தாள். உள்ளே பருப்பு அவிந்தது.
"தங்கச்சி, உங்கட கோடு எவ்வளவு தடிப்பு?"
கோட்டுக்குத் தடிப்பு இல்லை அக்கா.
"மதிலுக்கு?"
ஆறு அங்குலம்.
"அது ஆற்ற காணீக்க வரும்?"
எனக்குத் தெரியவில்லை. சொன்னேன்.
போனுக்குள் தம்பி கத்தினான்.
அவள் அதைக் கவிழ்த்துப் பிடித்தபடி சொன்னாள்,
"மதிலைப் பிறகு பாப்பம். முதல் கிணத்தை இறைப்பம்."

பின்னேரம் றோட்டடியில் முளை அடிக்கப் போனேன்.
சரியாகப் பதினொன்றில், மண்ணுக்குக் கீழே
பங்கரின் கொங்கிறீற்.
இரண்டு முளை பிளந்தது.
மூன்றாவது நாலு விரற்கடை தள்ளி இறங்கியது.

படத்தில்
பதினொன்று என்றே எழுதினேன்.