மூன்று அங்குலப் புள்ளி

மார்த்தாண்டம் மேம்பாலத் தூணுக்கு எதிரே
எங்கள் பிளெக்ஸ் கடை.
மதியச் சாப்பாட்டு நேரம் பார்த்து
பெர்ஜின் ஷோபியா வந்தாள்,
பென்டிரைவில் ஒரு வள்ளத்தோடு.
குறுக்கே இருபத்துநாலு கட்டம், நெடுக்கே பதினாறு.
திரையில் திறந்தால்
கொத்தமல்லி விதையளவு.

"தேங்காப்பட்டணத்தில எங்க விசைப்படகு இறங்குது.
அதுக்க கேபின் சுவருக்கு இதுதான்.
எழுபத்துநாலு அங்குலம்."

மூலையைப் பிடித்து இழுத்தேன்.
பதினோரு வருஷமாய் இழுக்கிற கை.
வள்ளம் வீங்கியது.
விளிம்பெல்லாம் நனைந்த சோப்பு.
மஞ்சளுக்கும் நீலத்துக்கும் நடுவே
யாரும் கேட்காத ஒரு பச்சை.

"இந்தப் பச்சை யாரு வச்சது?"

மென்பொருள், என்றேன்.
இந்தப் பக்கம் கேட்டு, அந்தப் பக்கம் கேட்டு
இடையில் இதுதான் இருந்திருக்கும் என்று
அதுவே போட்டுக்கொள்ளும்.

"எனக்க படத்தில அது ஒண்ணும் போடாண்டாம்."

பட்டியலின் அடியில்
நான் ஒருநாளும் தொடாத ஒரு வரி.
தொட்டேன்.
ஒவ்வொரு கட்டமும்
தன்னையே திரும்பத் திரும்பச் சொல்லி வளர்ந்தது.
மஞ்சள் மஞ்சளாய், நீலம் நீலமாய்,
அணியம் படிக்கட்டாய் ஏறி நின்றது.

ஆனாலும் இருபத்துநாலை
எழுபத்துநாலில் அடைக்க முடியவில்லை.
ரெண்டு கட்டம் மட்டும் தடித்து
வள்ளத்துக்குப் பொன்னுக்குவீங்கி.
"எழுபத்திரண்டு போதும்" என்றாள்.
புள்ளிக்கு மூன்று அங்குலம்.
பக்கத்துக்கு ஒரு அங்குலம் வெறுமனே கிடக்கட்டும்.

கடைக்கோடியில் மூன்று புள்ளி:
கறுப்பு, சிவப்பு, கறுப்பு.
ஆள் யாரு என்றேன்.
"சட்டை தெரியுதுல்லா?"
அதற்குமேல் அவள் சொல்லவில்லை.

எனக்குப் பின்னால் சுவரில்
அந்த வாரத்துக் கண்ணீர் அஞ்சலிகள் காய்ந்துகொண்டிருந்தன.
ரேஷன் அட்டைப் படத்தை ஆளுயரம் இழுத்து
இமை, கண்மணி, மீசை நுனி
எல்லாம் நான் போட்டவை.
வாங்க வந்த வீட்டுக்காரர்கள் நெடுநேரம் பார்த்துவிட்டுச் சொல்வார்கள்:
"ஆமா, அப்பா மாதிரியே இருக்கு."
மாதிரி என்ற சொல்லை
அதுவரை நான் காதில் போட்டுக்கொண்டதில்லை.

இயந்திரம் போய்வந்து போய்வந்து
சிவப்புப் புள்ளியைத் துப்பி முடித்தபோது
முதலாளி வந்து எட்டிப் பார்த்தார்.
"என்னடே, படம் உடைஞ்சு கெடக்கு?
இப்படியா அடிச்சுக் குடுப்பா?"
அவளிடம் மன்னிப்புக் கேட்டு
பில்லில் முந்நூறு ரூபாய் கழித்தார்.

அவள் மறுக்கவில்லை.
சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு
குழித்துறை பஸ்ஸில் ஏறிவிட்டாள்.